அரிசி மூட்டைக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

அணையின் ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனால், எங்கள் கொட்டகையில் முதலில் பரணுக்கு ஏறுவது நெய் டின். பிறகு அரிசி, மசாலா, விறகு. கடைசியில்தான் செம்புகள். இந்தப் பக்கம் செம்பு என்றால் தண்ணீர் குடிக்கிற சொம்பு இல்லை. பிரியாணி வேகிற பாத்திரம். ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து தேய்த்துக் கழுவலாம். வெள்ளம் வந்தால் படகு மாதிரி மிதந்து போய்விடும் என்று அவற்றைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டிவிடுவோம்.

பாலக்காட்டில் ஆற்றோரம் இருக்கிற அந்தக் கொட்டகையில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் சேர்ந்தேன். சூரியநெல்லி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆனைக்கரையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர், அப்புறம் டூரிஸ்ட் ஜீப், அப்புறம் பொள்ளாச்சியில் தேங்காய் நார் கம்பெனி என்று சுற்றிவிட்டு வந்தேன். எங்கும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஓரிடத்துச் சாப்பாடு பழகிவிட்டால் எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். இங்கே பிரியாணி என்பதால் பழகக் கொஞ்சம் நாளாகிறது.

கொட்டகையின் முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்து கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில். முன்பு ஒரு வெள்ளத்தில் நெய்யும் அரிசியும் போய், ஒரு செம்பு எங்கோ தள்ளி வாழைத்தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்ததாம். அதற்குப் பிறகு பாய் சும்மா இருக்கவில்லை. இரும்பில் பரண் அடித்தார். தண்ணீர் ஏறிய உயரத்துக்குச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார். மோட்டாருக்கு ஒரு மாற்று, அடுப்புக்கு ஒரு மாற்று. கொட்டகையே போய்விட்டாலும் சமையல் நிற்காதபடி மேட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக் கொல்லையில் இன்னொரு அடுப்பு மேடை கட்டினார். வெள்ளத்துக்கு ஏற்பாடு எப்படிச் செய்வது என்று பார்க்க மற்ற சமையல்காரர்கள் வந்துபோவார்கள்.

பாய் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். இரண்டிலுமே எழுத உட்கார்ந்தால் அவருக்கு வியர்த்துவிடும். அதனால் ஒத்துக்கொண்ட வேலைகளையெல்லாம் போனில் பேசிப் பதிவு செய்து வைப்பார். எந்த நாள், யார் வீடு, எத்தனை செம்பு, எந்த வழியாக வண்டி போகும், டால்டா சேர்க்கலாமா கூடாதா, எல்லாம் அவர் குரலிலேயே இருக்கும். காலையில் டீ குடித்துக்கொண்டே, மற்றவர்கள் பாட்டுக் கேட்பதுபோல அதைக் கேட்பார்.

ஆடி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷட்டர் திறந்தார்கள். தண்ணீர் முழங்கால் வரை வந்தது. எல்லாச் சாமானும் பரணில் இருந்தன. கடைசிச் செம்புக்குச் சங்கிலி மாட்டக் குனிந்தபோது பாயின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. துழாவி எடுத்தார். நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று சொல்வார்களே, அதை நம்பிப் பரணிலிருந்த ஒரு சீரகச் சம்பா மூட்டையைப் பிரித்து உள்ளே திணித்துக் கட்டிவிட்டு மோட்டாரைத் தூக்க ஓடினார். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் என்றால் அரிசிப் பானை ஒன்றுதான் இருக்கும். எங்கள் பரணில் இருந்ததெல்லாம் ஒரே நிறத்து மூட்டைகள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அன்றைக்கே புதுநகரத்துப் பண்டாரியிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. பண்டாரி என்றால் பிரியாணிச் சமையல்காரர். அவர் பாய்க்குத் தொழிலில் போட்டி, மற்றபடி சிநேகம். காற்றில் கூரைத் தகடு பறந்து அவருடைய அரிசியெல்லாம் நனைந்துவிட்டதாம். நம்மிடம் இருப்பதைக் கொடுத்து அனுப்பு என்றார் பாய். நான்தான் மூட்டைகளை வண்டியில் ஏற்றினேன். மத்தியானம் பாய்க்குப் போன் ஞாபகம் வந்தது. மிச்சமிருந்த ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுத் தேடினார். பிறகு புதுநகரத்துக்குப் போய்த் தேடினோம். அதற்குள் பாதி மூட்டைகள் அங்கிருந்து கொல்லங்கோட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தன. அங்கே யார் இலையிலாவது வந்திருக்கும் என்றாள் அக்கா. கடைசிவரை போன் கிடைக்கவே இல்லை.

அதே எண்ணில் வேறு சிம் வாங்கலாம் என்றால், சிம் பாயின் தம்பி பெயரில் இருந்தது. தம்பி கல்ஃபில்.

போன் போனதுகூடப் பெரிதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வேலை பிடித்திருந்தார். ஒன்று பக்கத்துத் தெருவில், மறக்க வழியில்லை. இன்னொன்று எந்த ஊர், யார் வீடு என்று அவருக்கு நினைவில்லை. வந்தவர் கண்ணாடி போட்டிருந்தார், ஸ்கூட்டரில் வந்தார், பெண்ணைப் பெற்ற அத்தா, ஆட்டுக்கறி பிரியாணி, டால்டா ஆகாது. இவ்வளவும் சொன்னார். வீடு மட்டும் வரவில்லை. மண்டையில் தட்டினால் வருமா என்று தட்டியும் பார்த்தார்.

அக்கா சேறு வழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெய்யை ஏத்தினீங்க, அரிசியை ஏத்தினீங்க, வெறகைக்கூட ஏத்தினீங்க. ஆருக்குச் சமைக்கறதுங்கறதை மட்டும் தண்ணிக்குள்ள போட்டுட்டீங்க."

எங்கோ ஒரு வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவார்கள், இலை போடுவார்கள், சோறு வராது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் கல்யாண நாள். இதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த இரண்டு நாளும் கொட்டகையைப் பூட்டிவிட்டு நானும் பாயும் சுற்றினோம். கல்யாண மண்டபங்கள், பள்ளிவாசல் அலுவலகங்கள், பந்தல்காரர்கள். வேலை பிடித்த வீட்டை மறந்துவிட்டேன் என்று வெளியில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே யாருடைய சமையல் என்று மட்டும் கேட்பார். எல்லா இடத்திலும் யாரோ ஒரு சமையல்காரர் பேரைச் சொன்னார்கள். கொடுவாயூரில் ஒரு மண்டபத்துக்காரர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை குறைந்துவிட்டதா, கைச்செலவுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். பாய் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். சொந்தக்காரர்கள், ஜமாஅத் பெண்கள், பழைய வாடிக்கைக்காரர்கள் என்று அவள் போனில் இருந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றாள். ஊரே சிரிக்கும் என்றார் பாய்.

"ஞாயித்துக்கெழம ஒரு ஊட்டுல அழுவாங்க. இன்னைக்கு ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுங்க."

அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா தன் குரலிலேயே பேசி அனுப்பினாள். பாயின் போன் வெள்ளத்தில் போய்விட்டது, எங்களிடம் வேலை சொன்னவர்கள் தயவுசெய்து இந்த எண்ணுக்கு இன்னொரு முறை சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை, மறந்துபோய்விட்டது.

அன்று முதல் அந்தப் போன் ஓயவில்லை. சிரித்தவர்கள் இருந்தார்கள்தான். முழுப்பணமும் கொடுத்துவிட்டேனே, அதுவுமா மறந்துபோயிற்று என்று ஒருவர் நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில் தான் வேலையே சொல்லவில்லை என்றார். ஆனால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அடுத்த மாதத்து வேலை, அதற்கடுத்த மாதத்து வேலை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. வராதது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். கல்யாண வீட்டில் யார் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஆட்டு வியாபாரி வந்தபோது பாய் இரண்டு வேலைக்கும் சேர்த்தே கறி சொன்னார். எங்கே கொண்டு போவதென்றே தெரியவில்லையே என்று கேட்டேன்.

"தெரிஞ்சதுக்கப்புறம் ஆட்டைத் தேடிட்டு நிக்க முடியாது, தம்பி. தெரியலைன்னா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயி வெச்சிருவோம். திங்கறவங்க இருப்பாங்க."

நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். விலாசம் தெரியாத வீட்டுக்கு வெங்காயம் உரித்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. புதுநகரத்துப் பண்டாரி. அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்கக்கா, கண்ணாடி போட்ட ஒருத்தரு எங்கிட்ட வந்து நிக்கறாரு. நாளைக்கு உங்க சமையலாமுங்க. ரெண்டு நாளாப் போனும் எடுக்கலை, வந்து பார்த்தாக் கொட்டகையும் பூட்டிக் கெடக்குது, தண்ணி எல்லாத்தையும் கொண்டு போயிருச்சுன்னு நெனச்சுட்டாராம். நானே எடுத்துக்கட்டுமா, அங்க அனுப்பட்டுமா?"

"அனுப்பாதீங்க," என்றாள் அக்கா. "அங்கயே உக்கார வெச்சு டீ குடுங்க. வழியில வேற எங்கயாச்சும் போயிருவாரு. நாங்க வர்றோம்."

நாங்கள் அவரைத் தேடி ஊர் ஊராகப் போயிருந்த நேரத்தில் அவர் எங்களைத் தேடி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். புதுநகரத்தில் அவர் இரண்டாவது டீயோடு உட்கார்ந்திருந்தார். பண்டாரி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் மாதிரி இருந்தார். நினைத்திருந்தால் அந்த வேலையை அவரே எடுத்திருக்கலாம். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெண்ணின் தகப்பனார் முன்னால் நின்று, போன் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். வீட்டை மறந்துவிட்டேன் என்பதையும் சொன்னார்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் உங்களைத் தண்ணியில விட்டுட்டு வேற ஆளைத் தேடி வந்தவன்தானுங்க. அதைப் பத்தி என்ன பேச்சு? சோறு வருமா, வராதா?"

"கறி வெட்டியாச்சுங்க," என்றார் பாய்.

ஊர், வீடு, வண்டி திரும்ப வேண்டிய ஆலமரத்து முக்கு என்று எல்லாவற்றையும் அவரையே அக்காவின் போனில் பேச வைத்தோம். பண்டாரி தனக்கும் அதை அனுப்பிவைக்கச் சொன்னார். எனக்கும் வந்தது. அப்போதும் அக்காவுக்கு மனசு அடங்கவில்லை. இங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரே ஆறு, ஒரே மழை, எல்லாப் போனும் ஒன்றாக நனைந்தால் என்ன செய்வது, மழை வேறு மாதிரி பெய்கிற ஊரில் உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டாள். சூரியநெல்லியில் தங்கை கொழுந்து எடுக்கிறாள் என்றேன். அவளுக்கும் அனுப்பிவிட்டோம். விவரம் சொல்ல நேரமில்லை, குரல் மட்டும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு இடத்துக்கும் தம் போட்டோம். ஆலமரத்து முக்கில் வண்டி சரியாகத் திரும்பியது. பந்தலுக்குப் பின்னால் செம்பை இறக்கி மூடியைத் திறந்ததும், அந்த மணத்துக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கப் போனார். பாய் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். ஐந்து நாளில் அன்றைக்குத்தான் அவர் தோள் இறங்கியது.

முதல் பந்தி நடக்கும்போது தங்கையிடமிருந்து என் போனுக்குக் குரல் பதிவு வந்தது. பாய் சத்தமாக வைக்கச் சொன்னார்.

"ஏண்ணே, யாரு வீட்டுக் கல்யாணத்தையோ எனக்கு எதுக்கு அனுப்புத? வழியெல்லாம் சொல்லியிருக்கு, நான் வரணுமாக்கும்? ஆலமரத்துல இடமா வலமான்னு அதுல சொல்லவே இல்லையே."

பாய் பெண்ணின் தகப்பனார் பேசிய பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். இடமா வலமா என்பதை அந்த மனிதர் சொல்லவில்லை என்பது உண்மைதான். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. வண்டி ஓட்டியவர் தனக்குப் பழகிய பக்கம் திரும்பியிருக்கிறார், அது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. இனி எல்லா வேலையின் பதிவும் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும், கேள்வி கேட்கிற ஆளிடம் இருப்பதுதான் பத்திரம் என்றாள் அக்கா. பாய் அங்கேயே என் போனை வாங்கி, வலப்பக்கம் என்று தங்கைக்குப் பேசி அனுப்பினார்.

இரண்டாம் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, சோறு எங்கே என்று முன்னாலிருந்து குரல் வந்தது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.