உபதேசியாருக்குச் செய்த பெட்டி

ஜவ்வாது மலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று மலைமேல் நகல் எடுக்க வேண்டியதெல்லாம் என் மிஷினுக்குள் போய்த்தான் வெளியே வரும். கேட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். யாராவது இறந்துவிட்டால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கம்ப்யூட்டரில் தயார் செய்து, திருப்பத்தூருக்கு அனுப்பி அச்சடித்து வாங்குவதும் நான்தான்.

எங்கள் மாதா கோயில் பங்கில் செத்துப்போனவர்கள் அத்தனை பேரும் உத்தமர்கள். அதற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. "அன்பால் இதயம் வென்றவர், பண்பால் உயர்ந்தவர், இறைப்பற்றில் சிறந்தவர்" என்ற வரிகள் என் கம்ப்யூட்டரில் எந்நேரமும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒருமுறை அவசரத்தில், மீசை வைத்த ஒரு பெரியவர் படத்துக்குக் கீழே "பாசமிகு அன்னை" என்பதை மாற்றாமல் விட்டுவிட்டேன். போஸ்டர் வெயிலில் வெளுத்துக் கிழியும் வரை ஊரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புதிதாக ஒரு ஃபாதர் எங்கள் பங்குக்கு வந்தார். தெற்குப் பக்கத்துக்காரர், இளம் வயது, குளிர் தாங்காமல் அங்கிக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூசை வைப்பார். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, பிரசங்கத்தில் ஒரு அறிவிப்புச் செய்தார். இந்த வருடம் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதோடு நிறுத்தக் கூடாதாம். வீட்டுக்கு ஒருவர் மைக்கில் வந்து, தங்கள் வீட்டில் இறந்தவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்ல வேண்டுமாம்.

அவர் இன்னும் பீடத்தை விட்டு இறங்கவில்லை, பாதிக் கோயில் என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

மறுநாளிலிருந்து கடையில் கூட்டம். முதலில் வந்தவர் எங்கள் பங்குப் பேரவையின் துணைத்தலைவர். காலஞ்சென்ற உபதேசியாரின் மகன். அவர் அப்பாதான் ஃபாதர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்தியவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர், ஊரே பயந்து மரியாதை செய்த மனிதர்.

"நல்லா கனமா எழுதும்மா. எங்கப்பா மரணத்தக் கண்டு அஞ்சாதவருன்னு ஒரு வரி வரணும்," என்றார். எழுதினேன்.

அடுத்து வந்தவர் தச்சு மேஸ்திரியின் மனைவி. எழுபதைத் தாண்டியவர். ஆடு வளர்க்கிறார். அவர் வருவதற்கு முன்னால் வெற்றிலை வாசனை வரும். அவர் கணவர் இருந்தவரை இந்தப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கெல்லாம் கதவு, ஏர், கட்டில், கடைசியில் சவப்பெட்டி, எல்லாம் அவர் கைதான். அவரைப் பற்றி நான் தட்டிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவரு?"

"உங்க வூட்டுக்காரருதான் அத்தை."

"இந்த ஆள எனக்குக் கட்டி வெச்சிருந்தா நானும் நல்லா வாழ்ந்திருப்பேனே! நான் குடித்தனம் பண்ணது வேற ஆளுகூட." அந்தத் தாளை நான்காக மடித்து, அதில் வெற்றிலையை வைத்துச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மேஸ்திரியை எனக்கும் தெரியும். எதிரே வருகிற ஆளை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் அளவெடுப்பு முடிந்துவிடும். யாராவது இரண்டு இருமல் இருமினால் தோளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒடம்ப பார்த்துக்கோங்க. இப்ப பலா மரம் சரியா கெடைக்கறதில்ல," என்பார். அவர் டீக்கடையில் இருந்தால் சளி பிடித்தவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கல்லறை கோயிலுக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. அடியில் பாறை. தோண்டுகிறவர்கள் பாறை விட்ட இடத்தில்தான் குழி போட முடியும் என்பதால் இறந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் படுத்திருக்கிறார்கள். காலையிலேயே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்தாகிவிட்டது. சாயங்காலப் பூசை முடிந்து எல்லோரும் மெழுகுவர்த்தியோடு இறங்கினோம். மேஸ்திரியிடம் கதவு செய்துகொண்ட மலை விவசாயிகள் சிலரும் குடும்பத்தோடு வந்து, அவர் கல்லறைக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

துணைத்தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் எழுதிய தாளை ராகம் போட்டு வாசித்தார். "என் தந்தை மரணத்தைக் கண்டு ஒருநாளும் அஞ்சியதில்லை. மரணம்தான் அவரைக் கண்டு அஞ்சியது!"

பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. மேஸ்திரியின் மனைவி. வெற்றிலைச் சாறு புரையேறியிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்தது என் முறை. என் மாமியாரைப் பற்றி வாசித்தேன். "என்னை மகளாகவே பாவித்தவர். கடிந்து ஒரு சொல் பேசி அறியாதவர்." என் கணவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஃபாதர் நினைத்து, போய் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பிறகு மேஸ்திரியின் மனைவி வந்தார். கையில் தாள் இல்லை. மைக்கை ஒரு முறை ஊதிப் பார்த்தார்.

"ஃபாதர், நெனப்புல கீறத சொல்லணும்னீங்க. சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா, தாராளமா சொல்லுங்க," என்றார் ஃபாதர், பாவம்.

"உபதேசியாருக்கு ஒரு தபா காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள் விடல. பொழைக்க மாட்டேன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. ஊரையே வரச் சொன்னாரு. ஒவ்வொருத்தருக்கா புத்தி சொன்னாரு. எனக்கு, வெத்தல போடாதன்னாரு. கடைசியா எங்க வூட்டுக்காரர கூப்ட்டு, எனக்கு நீதான் பொட்டி செய்யணும், என் கண்ணால பார்த்துட்டுத்தான் போவேன்னாரு. இவரும் ராவும் பகலுமா செஞ்சாரு. நல்ல பலா பலகை. எடுத்துக்கினு போயி அவரு கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சாரு. வெச்சிட்டு சும்மா வரலாமில்ல? அவர மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'அளவு கொஞ்சம் கொறஞ்சிடுச்சி. கால மடக்கிப் படுப்பீங்களா, நான் கொஞ்சம் செதுக்கிக்கட்டுமா?'ன்னாரு. செதுக்கறேன்னது பொட்டியவா, காலயான்னு சொல்லல."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரர்களிடமிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது.

"அவ்ளோதான். சாவப்போறேன்னு படுத்திருந்த மனுஷன் எழுந்தாரு. துரத்துனாரு பாருங்க, கோயில் வாசல் வரைக்கும்! நிக்காம வந்துது வேர்வை. காய்ச்சல் எறங்கிடுச்சி. அதுக்கப்புறம் எத்தினி வருஷம் இருந்தாரு!"

துணைத்தலைவர் முகம் சிவந்துபோயிற்று. விறுவிறு என்று கல்லறையின் இரும்புக் கதவு வரை நடந்தார். ஃபாதர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். மேஸ்திரியின் மனைவி அதை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னும் முடியல ஃபாதர். அந்தப் பொட்டிய உபதேசியாரு வூட்லயே வெச்சுக்கினாரு. சாமை கொட்டி வெச்சிருந்தாரு. எலி போவாது பாருங்க, அப்படி ஒரு மூடி. அப்புறம் ஒரு மழைக்காலத்துல எங்க வூட்டுக்காரரு காலைல உளி எடுத்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

சிரிப்பு நின்றது. அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. ஆலங்காயம் போகும் மலைப்பாதையில் மரங்கள் விழுந்து பஸ் ஓடவில்லை. கீழேயிருந்து பெட்டி கொண்டுவர வழியில்லை. மேலே பெட்டி செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் பாயில் கிடந்தார். உபதேசியார் யாரும் கேட்காமலேயே தன் வீட்டுச் சாமையைக் கோணிகளில் கொட்டிவிட்டு, பெட்டியை நான்கு பேர் தோளில் ஏற்றிக்கொண்டு மழையில் வந்தார். முன்னால் நடந்து வந்த அவர், மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

"ஆனா உபதேசியாரு குட்டை, எங்க ஆளு நெட்டை. வெச்சிப் பார்த்தா கால் வெளிய நிக்குது," என்றார் அந்த அம்மா. "அப்ப இருந்த பழைய ஃபாதர்தான் யோசன சொன்னாரு. கோயில் பின்னாடி பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒடஞ்சு கெடந்துச்சு. அதுல ஃபாதர் உக்காந்து பாவம் கேப்பாங்களே, அது. அந்தப் பலகைய எடுத்துக் கால் பக்கம் கோத்து அடிச்சாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாவசங்கீர்த்தனம் பண்ணாத மனுஷன். பண்ணுங்கன்னா, 'ஃபாதர மாத்திக்கினே கீறாங்க, எத்தினி தபா மொதல்லேர்ந்து சொல்றது'ன்னு கேப்பாரு. கடைசில தொட்டியே வந்து கால புடிச்சிக்கிச்சி."

ஃபாதர் ஸ்வெட்டர் கழுத்தை மேலே இழுத்து வாயை மூடிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கான்வென்ட் சிஸ்டர்மார் மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள், கை ஆடிச் சேலையில் மெழுகு சொட்டிவிடும் என்று பயந்துபோய்.

அப்போது கதவுப் பக்கமிருந்து துணைத்தலைவர் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வருகிற மாதிரிதான் இருந்தது. நேரே மைக்கிடம் வந்தார்.

"அத்தை, தெரிஞ்சா தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க. அது காய்ச்சல் இல்ல, மஞ்சக்காமாலை."

"காய்ச்சல்தான்டா!"

"காமாலைங்க! கண்ணு மஞ்சளா இருந்துது, நான்தான பக்கத்துல இருந்தேன். அப்புறம் கோயில் வாசல் வரைக்கும் துரத்தல, அதுக்கும் மேல, பெரிய கெணறு வரைக்கும். கைல செருப்பு இருந்துது." அப்பாவின் கல்லறைப் பக்கம் திரும்பினார். "அந்தச் செருப்ப எடுத்துக் குடுத்ததே நான்தான்."

அதோடு கல்லறை அதிர்ந்தது. அவரே சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், அப்பாவின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரியின் மனைவி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். வெற்றிலைக் கறை கொஞ்சம் அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு மைக்குக்குச் சண்டை. ஒருவர் தன் அண்ணன் திருமணப் பந்தியில் இலை மாற்றி மாற்றி உட்கார்ந்து மூன்று முறை சாப்பிட்டதைச் சொன்னார். இன்னொருவர் தன் அம்மா ஜெபமாலையில் மணிகளைத் தாண்டித் தாண்டி ஓட்டி, சீரியலுக்குச் சரியாக வீடு சேர்வதைச் சொன்னார். நானும் மறுபடி போனேன். என் கணவர் "வேணாம், வேணாம்" என்று சைகை காட்டினார்.

"நான் மொதல்ல வாசிச்சத விட்டுடுங்க," என்றேன். "எங்க மாமியார் என்கிட்ட நேரா எதையும் சொல்ல மாட்டார். மாதா சிலை வெச்சிருக்கிற கெபிக்கு முன்னால போய் முழங்கால் போட்டு மாதாகிட்டதான் சொல்வார். நான் பின்னால நிக்கறேனான்னு ஒரு கண்ணால பார்த்துட்டு, 'மாதாவே, இவளுக்கு ஒரு நாளாவது ரசத்துல உப்பு பார்த்துப் போடற புத்தியக் குடும்மா'ன்னு சத்தமா வேண்டுவார். மாதா என்ன பண்ணாங்களோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் உப்புக் கைக்கு வரல. ஆனா கெபிப் பக்கம் போறப்பல்லாம் பின்னால ஒரு நிமிஷம் நின்னு பார்க்கறேன். யாரும் என்னைப் பத்திப் புகார் சொல்லாம அந்த இடமே வெறிச்சுனு கீது."

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. அவர் இறந்தபோதுகூட அப்படி உடைந்ததில்லை. பதினாறாம் நாள் பந்தியைப் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போயிற்று.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடிக்கும்போது மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. மலைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "உங்க ஆளுங்க சாவு வூட்டுல மட்டும் இன்னா அவ்ளோ அமைதியா கீறாங்க? இதெல்லாம் அப்பவே சொல்லி இருக்கலாம்ல?" என்றார்.

அந்த வருடத்திலிருந்து ஃபாதர் அறிவிப்பே செய்வதில்லை. தேவைப்படவில்லை. ஆனால் ஒரு சங்கடம் வந்துவிட்டது. உயிரோடிருப்பவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூசைக்கு நடுவில் எழுந்துபோய் பீடி குடிக்கிறவர்கள் இப்போது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபாதரே ஒருநாள் மேஸ்திரியின் மனைவியிடம், "அம்மா, நான் போனா என்னைப் பத்தி என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

"நீங்க எங்க ஃபாதர் இங்க சாவப்போறீங்க? உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடும். போற எடத்துல கீறவங்க பார்த்துக்குவாங்க," என்றார் அவர். ஃபாதர் அன்றிரவு முழுவதும் எதையோ யோசித்துக்கொண்டிருந்ததாகச் சமையல்கார அம்மா சொன்னார்.

போன வாரம் மேஸ்திரியின் மருமகள் ரேஷன் கார்டு நகலெடுக்கக் கடைக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்க மாமியாருக்கு ஒடம்புல ஏதாச்சும் கீதா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"ஏன்?"

"ஒரு மாசமா என்னைத் திட்டவே இல்ல. நேத்து எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. பயமா கீதுக்கா."