ஆளுக்கு ஒரு பெட்டி, புத்தகத்துக்கு ஒரு டின்

போன மாதம் நான் கொழும்புக்குப் போய் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கினேன். எனக்கில்லை. சிரிக்காமல் கேளுங்கள், முழுக்கச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் நாலாவது காம்பராவில் பிறந்து வளர்ந்த சுரேஷ் இப்போது ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் காலையில் வந்து என் வாசலில் நின்றான். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். எங்கே போனாலும் தட்டுப்பாடாம். கொழும்பில் ஒரு கடைக்குக் கொஞ்சம் வருகிறது, அடையாள அட்டையைக் காட்டினால் ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள் என்றான். அவனுக்கு அட்டைகள் வேண்டும். அட்டை தனியாக நடந்து போகாது, அதனால் ஆட்களும் வேண்டும்.

"காசு நான் கட்டுறேன் அம்மாயி. நீங்க வரிசையில நின்னு கையெழுத்து வச்சா போதும். ஆளுக்கு மூவாயிரம், பகலுக்குச் சோத்துப் பார்சல். நீங்க ஒரு வார்த்த சொன்னா மத்தவங்களும் அட்டைய எடுத்துட்டு வந்துருவாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நான் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்பது எனக்கு எப்போதும் தேனாக இனிக்கும். மூன்றாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் பெருவிரலை மையில் அமுக்காமல் பெயர் எழுதிய பொம்பளை நான் ஒருத்திதான். இன்றைக்கும் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டேன். எல்லாரும் கொழுந்து எடுத்து ஓய்ந்த கிழவிகள். தீபாவளிச் சேலையை உடுத்தி, குளிருக்குச் சுவெட்டர் போட்டுக்கொண்டு வேனில் ஏறினோம். கொழும்பில் இறங்கியதும் அந்தச் சுவெட்டரைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆறு பேரும் இடுப்பில் கட்டிக்கொண்டோம். கடை இன்னும் திறக்கவில்லை. வரிசையில் தாடி வைத்த இளவட்டங்கள், நடுவில் நாங்கள். காவல்காரர் எங்களை உதவி கேட்டு வந்தவர்கள் என்று நினைத்து, அந்தப் பக்கம் போகச் சொல்லிச் சிங்களத்தில் கையைக் காட்டினார். நான் சுருக்குப் பையைத் திறந்து அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இங்கேயே பிறந்தும், நாற்பது வயது தாண்டித்தான் இந்த நாடு எனக்கு இந்த அட்டையைக் கொடுத்தது. அதை யாருக்கும் பயந்து காட்டமாட்டேன்.

கடைசிப் பெட்டி எனக்குத்தான் கிடைத்தது. எனக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு இல்லை என்று கதவை அடைத்துவிட்டார்கள். அவரும் விடியுமுன்னே வந்து நின்றவர். சுரேஷ் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு விலை சொன்னான். கடை விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் திரும்பி வந்து என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க இத வெளையாடுவீங்களா?"

நக்கலாகக் கேட்டிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் வேனில் ஏறிவிட்டேன்.

ஆறு கிழவிகளும் ஆறு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினோம். வளைவு வரும்போதெல்லாம் பெட்டி சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வோம். நிறைமாதப் பிள்ளையைவிடக் கனம். புது அட்டைப்பெட்டியின் வாசனை வேன் முழுக்க. கினிகத்தேனை தாண்டிக் குளிர் ஏறியதும் அந்த வாசனையோடு என் சுருக்குப் பையின் பழைய நெடியும் சேர்ந்தது. மண்ணெண்ணெய், வெற்றிலை, ஈரத் துணி. எனக்கு அது கூப்பன் புத்தகத்தின் வாசனை.

அரிசிக்கும் மாவுக்கும் நாடு தவித்த காலம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். வட்டகொடைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். பேர் விழாத நாளில் கூலி கிடையாது. மரவள்ளிக் கிழங்கு இருந்த வீடு பணக்கார வீடு. எங்களிடம் இருந்த ஒரே காகிதம் ரேஷன் கூப்பன் புத்தகம். கூட்டுறவுக் கடையில் அதைக் காட்டினால் மாதம் ஒரு டின் பால்பவுடர், நாங்கள் சொல்கிற பால்மா, புத்தகத்துக்கு ஒன்றுதான். அதை வாங்கக் காசு வேண்டுமே. லயத்தில் பாதிப்பேர் டின்னை எடுப்பதே இல்லை.

அது பசாரில் கடை வைத்திருந்த முதலாளிக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டார்.

"டின்னு சும்மாதான கெடக்குது தங்கச்சி. புத்தகத்த ரெண்டு நாளைக்குக் குடுங்க. புத்தகத்துக்கு ஒரு றாத்தல் மாவு தர்றேன். நீ படிச்ச புள்ள, நீ சொன்னா கேப்பாங்க."

சொன்னேன், கேட்டார்கள். பதினொரு புத்தகம் சேர்ந்தது. அண்ணியுடையதும் அதில் ஒன்று. என் அண்ணன் பெண்சாதி, ஏழு மாதக் கர்ப்பிணி, சாப்பாடில்லாமல் வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. புத்தகத்தை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"டின்னு நமக்கு வேண்டி வராதா புள்ள?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல அண்ணி. அடுத்த மாசப் பக்கம் அப்படியேதான இருக்கு" என்றேன்.

எல்லாருக்கும் பதிலாகக் கூட்டுறவுக் கடையில் நானே கையெழுத்து வைத்தேன். மாவு வந்தது. இரண்டு நாள் லயம் முழுக்க ரொட்டி சுட்ட வாசனை. என்னை எல்லாரும் மெச்சினார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணிக்கு வலி வந்துவிட்டது. ஆண் பிள்ளை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் படுக்கும். அண்ணிக்குப் பால் ஊறவில்லை, எங்கிருந்து ஊறும்? டின் பாலாவது கொடுங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதத்து டின்னையாவது முன்னாலேயே கேட்கலாம் என்று நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இந்த மாதத்துக்கு எடுத்தாகிவிட்டது என்று முத்திரை. அதற்குக் கீழே இருந்த கையெழுத்தும் என்னுடையதுதான்.

பசார்க் கடைக்குப் போனேன். டின்கள் சாக்குக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. மூன்று மடங்கு விலை. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி என் கையைப் பார்த்தார், காசு இல்லை என்று தெரிந்துகொண்டார்.

"கடனுக்கா? வாயத் தொறந்து கேளு தங்கச்சி, தர்றேன்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை. நாலு பேர் முன்னால் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை. திரும்பி மலை ஏறினேன். வீட்டில், கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் என் தோட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து டின்னை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்துதான் வந்தேன். லயத்து வாசலில் பெண்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என் கையிலிருந்து டின்னை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான புத்தகத்தக் குடுத்தேன். நீ என்னா செய்வ" என்றாள்.

பெயர் வைக்காத பிள்ளை. தேயிலைக்கு மேலே, கருப்பந்தேயிலை என்கிற யூகலிப்டஸ் மரத்தடியில் புதைத்து ஒரு கல்லை நட்டோம். அந்த டின்னை அண்ணி ஒரு மாதம் திறக்கவில்லை. பிறகு திறந்து லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி உள்ளங்கையில் போட்டாள். நக்கி நக்கித் தின்றார்கள். காலி டின்னில் உப்புப் போட்டு வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. வட்டகொடை ஸ்டேஷனில் ஒரே அழுகை. அண்ணி யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் மூட்டை, மூட்டைக்குள் அந்த டின். கோச்சி, அதுதான் ரயில், நகரப்போகிற நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கடை அன்னிக்கு நெசமாவே பூட்டியிருந்துச்சா புள்ள?"

"ஆமா அண்ணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒன்றிலும் அதைக் கேட்கவில்லை. பிறகு கடிதம் இல்லை.

விளையாட்டுப் பெட்டி பால்மா இல்லை, அது எனக்கும் தெரியும். அது கிடைக்காவிட்டால் எந்தப் பிள்ளையும் சாகாது. ஆனாலும் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஹட்டனில் இறங்கும்போது சுரேஷிடம், என் பெட்டியை அந்த ஆளுக்குக் கடை விலைக்கே கொடுத்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். அவர் யார், எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும் என்று சிரித்தான். மூவாயிரத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.

நேற்று மறுபடி வேன் வந்தது. இன்னொரு தொகுதி பெட்டி வந்திருக்கிறதாம். இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஐந்து பேரும் அவர்களாகவே அட்டையோடு என் வாசலில் வந்து நின்றார்கள், நான் வராமல் எப்படிப் போவது என்றார்கள். என் வாயில் வந்தது முழங்கால் வலி என்பதுதான். ஆறாவது ஆளாக, மேட்டு லயத்திலிருந்து ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது.

கூட்டுறவுக் கடை இருந்த இடத்தில் இப்போது சுவர்கூட இல்லை. பசார்க் கடையின் கூரை விழுந்துவிட்டது. அந்த மரத்தை வெட்டிவிட்டு மேட்டில் போன் கோபுரம் நட்டிருக்கிறார்கள். கல்லைத் தேடிப் போனேன், கம்பி வேலிக்கு உள்ளே விடமாட்டார்களாம். என்னிடம் புத்தகம் கொடுத்த பதினொரு பேரில் அண்ணியைத் தவிர மற்ற பத்துப் பேரும் உயிரோடில்லை. அண்ணி இருக்கிறாளா என்று சொல்ல அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை.

இப்போது யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன். கடை திறந்துதான் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.