‘முதலில் சொன்னவர்’ என்ற கட்டம்

உயிரியல் ஆராய்ச்சித் துறையின் அலுவலக எழுத்தருக்கு வேலை இரண்டு, சம்பளம் ஒன்றுக்குத்தான். மாதக் கூட்டத்தில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பது முதல் வேலை. மறுநாள் மதியம் சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதே கூட்டத்தை அத்தனை பேர் குரலிலும் நடத்திக் காட்டுவது இரண்டாவது. துறைத்தலைவரின் மூக்குப் பேச்சு, மூத்த பேராசிரியரின் செருமல் எல்லாம் அச்சு அசலாக வரும். எழுத்தரைவிட மூத்தவர்கள்கூட அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்றும் அப்படித்தான். “க்ர்ர்ம்... திசுவை முதல்ல உறைய வெச்சுட்டு அப்புறம் நறுக்கினா கிழியாதே!” என்று பேராசிரியராகவே மாறி மேசையைத் தட்டினார். ஒரே சிரிப்பு.

“அக்கா, அதுக்கு முன்னாடி ஜன்னலோர மேடம் பேசினாங்களே, அவங்களைப் போடுங்க” என்றார், கூட்டத்தில் புரொஜெக்டர் போட்ட ஆய்வக உதவியாளர். ஜன்னலோர மேடம் என்றால் துறைக்கு வந்து இரண்டே வருடமான, டாக்டர் பட்டம் பெற்ற ஆய்வாளர்.

அக்கா குரலைத் தணித்தார். “சார்... நறுக்கறதுக்கு முன்னாடியே உறைய வெச்சுட்டா, கிழியாதுல்ல?”

சொல்லி முடித்ததும் அவருக்கே பகீரென்றது. அதே யோசனை, பேராசிரியருக்குப் பத்து நிமிடம் முன்னால்! குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். ‘ஒரு மேடம் ஏதோ சொன்னார்.’ அதற்குக் கீழே அதே யோசனை, பேராசிரியரின் பட்டத்தோடும் பெயரோடும், அடிக்கோடு போட்டு.

யோசனை யாருடையதோ அவருக்கே திட்டத்தின் தலைமை என்பது துறையின் வழக்கம். அதற்கு ஆதாரம் அக்காவின் குறிப்பேடு. முடிவு அடுத்த கூட்டத்தில்.

மேடத்திடம் போய்ச் சொன்னார். “விடுங்கக்கா, வேலை நடந்தா சரி.”

“எப்படி விடறது? அவருக்கு அடிக்கோடு போட்ட கை உங்களுக்கு ‘ஏதோ’ போட்டிருக்கு. நானும் பொம்பளைதான், நானே இப்படி எழுதியிருக்கேனே!”

வீட்டில் கணவர் பயந்தார். “கூட்டத்துல நீ பேசலாமா?”

“பேசக்கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே. எழுதறதே நான்தானே!”

அடுத்த கூட்டம். “போன கூட்டக் குறிப்புல திருத்தம் இருக்கா?” என்று கேட்ட தலைவர், வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைப் புரட்டினார். பதினான்கு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததே இல்லை.

“இருக்கு சார்.”

குரல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே தலைவருக்கு நேரமானது. அக்கா எழுந்து நின்றார். குறிப்பேட்டைப் பிரித்தார். தான் எழுதிய இரண்டு வரிகளையும் படித்தார்.

பேராசிரியர் செருமினார். “யார் சொன்னதையும் நான் எடுத்துக்கலை. எனக்காத் தோணுச்சு.”

“எடுத்தீங்கன்னு சொல்லலை சார். சொன்னது உங்க காதுல விழுந்திருக்கு, சொன்னவங்க விழலை. எனக்கும் அதேதான். ஆனா எனக்குக் குரல் மறக்காது.”

இரண்டு குரல்களையும் வரிசைப்படி பேசிக் காட்டினார். முதலில் ஜன்னலோரம். பிறகு செருமல்.

பேராசிரியரின் காது சிவந்தது.

“நான் இப்படியா செருமுறேன்?”

“இன்னும் நீளமா, சார்” என்றார் புரொஜெக்டர் பக்கத்திலிருந்த உதவியாளர்.

சிரிப்பு வெடித்தது, கடைசியில் பேராசிரியருக்கும். “சரி, அந்தப் பொண்ணு...” என்றவர் நிறுத்தித் திருத்திக்கொண்டார். “டாக்டர்தான் முதல்ல சொல்லியிருக்காங்க. திட்டம் அவங்களோடது.”

தலைவர் மூக்கால் கேட்டார், “இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன செய்யலாம்?”

“குறிப்பேட்டுல ஒரு கட்டம் சேர்க்கலாம் சார். ‘முதலில் சொன்னவர்’னு. யாரா இருந்தாலும் பட்டத்தோட.”

யாரும் மறுக்கவில்லை. அக்கா உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தார். பேனா நின்றது. ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது, இம்முறை எல்லாருக்கும் கேட்கும்படி:

“கட்டம் வேணும்னு முதல்ல சொன்னது யாரு, அக்கா? எழுதுங்க.”

‘அலுவலக எழுத்தர்’ என்று எழுதினார் அக்கா. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடிக்கோடும் போட்டார்.