சோற்றுப் பருக்கையால் ஒட்டிய பக்கம்

என்னிடம் நானூறு காமிக்ஸ் புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிளாஸ்டிக் உறை, வளையாமலிருக்க உள்ளே ஓர் அட்டை. கை கழுவித் துடைக்காமல் யாரையும் தொட விடமாட்டேன். என் கணவர் ஒருமுறை முறுக்கு தின்ற கையோடு தொட்டுவிட்டு இரண்டு நாள் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் தவித்தார். இப்படிப்பட்ட நான், அந்த நானூற்றில் ஒரு புத்தகத்தைப் போன வருடம் வரை முழுதாகத் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

கோலாலம்பூரில் அச்சாகி மாதம் ஒன்றாக வந்த தமிழ்ப் பேய்க்கதைத் தொடர் அது. பன்னிரண்டு இதழோடு நின்றுபோனது. ஏழாவது இதழ் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. சுங்கை வே பகுதியில் நாங்கள் இருந்த வீட்டில் குளியலறைக்குப் போக, சமையலறையைத் தாண்டி ஓர் இருட்டு நடையைக் கடக்க வேண்டும். விளக்கு சுவிட்ச் நடையின் அந்தக் கோடியில் இருந்தது, எந்தப் புண்ணியவான் வைத்தானோ. அண்ணன் நடைவாசலில் ஒளிந்துகொண்டு, நான் வரும்போது அந்த இதழின் நடுப்பக்கத்தை என் முகத்துக்கு நேரே விரிப்பான்.

"பாரு, பாரு! கதவுக்குள்ள அந்த மூஞ்சி! நாக்கு தொங்குது பாரு!"

விரலிடுக்கு வழியாக ஒரு நொடி பார்ப்பேன். அலறிக்கொண்டு ஓடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது. குளியலறைக்குப் போகப் பயந்து நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள், சோற்றுப் பருக்கைகளை நசுக்கி அந்த இரண்டு பக்கங்களையும் ஓரமெல்லாம் ஒட்டி, மேலே அரிசி டின்னை இழுத்து வைத்தேன். அண்ணன் முதுகில் நாலு வைப்பான் என்று காத்திருந்தேன். அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் என்னிடமே கொடுத்துவிட்டான். அதுதான் என் சேகரிப்பின் முதல் புத்தகம்.

முப்பது வருடம் கழித்து, அந்தத் தொடரை வரைந்த ஓவியர் முகநூலில் ஓர் அறிவிப்புப் போட்டார். அவர் சுங்கை பூலோவில் வசிக்கும் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு இதழ்களையும் ஒரே புத்தகமாக மறுபதிப்புச் செய்யப் போகிறார். பதினொன்று கிடைத்துவிட்டன. ஏழாவது மட்டும் எங்கும் இல்லை. 'நான் வரைந்ததிலேயே சிறந்த முகம் அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் இந்தப் புத்தகம் வராது' என்று எழுதியிருந்தார். கீழே எத்தனையோ பேர் அந்த முகத்தை நினைத்துப் பயந்த கதையைச் சொல்லியிருந்தார்கள். புத்தகம் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. அந்த மூன்று வாரமும் ஒருவர் அடையாள அட்டையை இன்னொருவரிடம் கொடுத்துத் திட்டு வாங்கினேன். உங்கள் சிறந்த பக்கத்தைச் சோற்றால் ஒட்டிவிட்டேன் என்று ஓர் ஓவியரிடம் எப்படிச் சொல்வது? பிரிக்கும்போது கிழிந்துவிட்டால்? பசையைப் பூச்சி தின்று, உள்ளே பக்கமே இல்லாமல் போயிருந்தால்? இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய பயங்கள். சொல்ல வெட்கமான பயம் ஒன்று இருந்தது. அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில் மனசாட்சி விடவில்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. வரும் சனிக்கிழமை காமிக்ஸ் கண்காட்சியில் அவருக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்களாம், கொண்டுவரச் சொன்னார்.

நான் இப்போது இருக்கும் கிள்ளானிலிருந்து ரயிலேறினேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து, அங்கிருந்து இன்னொரு ரயில் மாறினேன். கண்காட்சி ஒரு பேரங்காடியின் மேல்மாடியில். காமிக்ஸ் வேடம் போட்டு, அட்டைக் கத்தியும் நீல முடியுமாகப் பிள்ளைகள் திரிந்தார்கள். ஓவியர்களின் மேசைகளில் கூட்டம் அலைமோதியது. அவருடைய மேசை மூலையில் இருந்தது, நான்கு பேர்தான் வரிசையில். அவருக்குப் பின்னால் தொங்கிய பதாகையைப் பார்த்ததும் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். 'அந்த முகம் மீண்டும் வருகிறது.'

என் முறை வந்தது. உறையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஐயா, மன்னிச்சிருங்க. நடுப்பக்கத்த நான் சின்ன வயசுல ஒட்டிட்டேன்."

"ஒட்டிட்டியா? எதுல?"

"சோத்துல."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் மேசைக்கடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றினார்.

"சோறுன்னா ஆவில இளகிடும். கம் பசையா இருந்தாதான் பிரச்சன. உக்காரு மா, பயப்படாத லா."

பயப்படாதே என்றால் நிற்கிற பயமா அது? வெந்நீர் ஆவியில் என் புத்தகம்! ஒட்டிய பக்கங்களை அவர் ஆவியில் காட்டிக் காட்டி, ஓர் இரும்பு ஸ்கேலை உள்ளே நுழைத்து நூல் நூலாக நகர்த்தினார். ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் என் உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு ஓரங்கள் விட்டுவிட்டன. மூன்றாவது விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பதை நெருங்கும் பெண்பிள்ளை, ஊரே பார்க்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கம் விரியும் சத்தம் கேட்டது.

"எங்க மா?" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். பக்கம் கிழியவில்லை. ஓரங்களில் மஞ்சள் கறை, அவ்வளவுதான். இடப்பக்கத்தில் ஒரு பையன் படியேறுகிறான். வலப்பக்கம் முழுவதும் பாதி திறந்த ஒரு கதவு. கதவுக்குள்ளே கறுப்பு மை, வெறும் இருட்டு. முகம் இல்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"நான் வரைஞ்சேன் மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பல்லக் காட்டிச் சிரிக்கும்."

"சிரிக்காது ஐயா. நாக்கு தொங்கும்."

"நாக்கா? நாக்கே வரையலியே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. யாரோ ஒட்டுக் கேட்பது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது. மூஞ்சி சரியாவே வரல. நாலு தடவ அழிச்சேன். அச்சுக்குக் குடுக்கணும், நேரமில்ல. மைய ஊத்தி மூடிட்டேன். அப்புறம் லெட்டர் எழுதுனவங்க எல்லாம் அந்த மூஞ்சி, அந்த மூஞ்சின்னாங்க. நானும் நம்பிட்டேன் போல."

திரும்பிப் பதாகையைப் பார்த்தார்.

"இத்தன பேர் காத்துட்டிருக்காங்க. என்ன சொல்றது நானு? யார்கிட்டயும் சொல்லாத மா. வெள்ள மையில இப்பவே ஒரு மூஞ்சி போட்டுடறேன். ஸ்கேன் பண்ணிக் குடுத்துட்டா யாருக்குத் தெரியும்?"

பேனாவைத் திறந்தார். அதன் முனை அந்த இருட்டுக்கு மேலே வந்து நின்றது. என் புத்தகத்தில் கிறுக்கப் போகிறாரே என்ற பயம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கே ஒரு முகம் வந்துவிடப் போகிறதே என்ற பயம்தான் வந்தது.

"வேணாம் ஐயா," என்றேன். குரல் ஒன்பது வயதுக் குரலாகவே வந்தது. "இப்ப இருக்கறதே போதும். இதுக்கே முப்பது வருஷம் பயந்துட்டேன்."

பேனா அப்படியே நின்றது. அவர் அந்தக் கதவிடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, கைப்பேசியில் இரண்டு பக்கங்களையும் படமெடுத்தார். ஸ்கேன் செய்ய ஆள் அனுப்புவதாகவும், இருப்பதை இருக்கிறபடியே போடுவதாகவும் சொன்னார்.

"மூடி வை மா," என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எனக்கே என்னமோ பண்ணுது."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது ஜொகூரில் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அந்த முகத்தில் நாக்கு தொங்கியதாகச் சொன்னாயே, நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல பசங்க சொன்னாங்க. நான் அந்தப் பக்கத்தப் பாத்ததே இல்ல."

"பொய் சொல்லாத. நீதான தினமும் விரிச்சுக் காட்டுன?"

"கண்ண மூடிட்டுத்தான் காட்டுனேன். அந்த நடையில தனியா போக எனக்கும் பயம். நீ வர்றியான்னு பாத்துட்டு நின்னுட்டிருப்பேன். நீ ஒட்டுன அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன்."