பதினெட்டாம் நம்பர் நெட்வொர்க்கும் என் வயிற்றெரிச்சலும்

“…அதனால இந்தக் கன்டெய்னர அழிச்சிட்டுப் புதுசா ஏத்திப் பாத்துருதேண்ணே. பதிவு பூராம் வெளியதான இருக்கு, ஒண்ணும் போயிராது” என்று சொல்லிக்கொண்டே கோதை கட்டளையைத் தட்டி முடித்தார். என்டர் மட்டும்தான் பாக்கி.

பக்கத்து நாற்காலியில் டீ டம்ளரோடு நான். பதிவு எதுவும் வெளியே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் சர்வர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நெட்வொர்க் பாடம் எங்கேயும் கிடைக்கும். மற்றதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஆலை எங்களுடையது. நான் சேர்ந்தது எலக்ட்ரீசியனாக. கம்ப்யூட்டர் வந்தபோது ஒயர் இழுத்தவன் நான்தான் என்பதால், அதற்குப் பிறகு வந்ததெல்லாமும் என் தலையில் விழுந்தது. தட்டித் தடவி நானே கற்றேன். ஷெட்டில் எது நின்றாலும் “முருகேசனக் கூப்பிடு” என்பார்கள். அந்த மூன்று எழுத்து நாலு எழுத்துப் பட்டமெல்லாம் எனக்கு வேண்டியிருக்கவில்லை, அந்தக் கூப்பாடு போதும்.

பிறகு கோதை வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு ஊர்ப்பக்கம் மாற்றலானதால் எங்களிடம் சேர்ந்தார். தினமும் பஸ்ஸில் வருவார். வந்த மாதமே சர்வரில் கன்டெய்னர் எஞ்சின் போட்டார். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரே டப்பாவில் அடைத்து ஓட்டுவதுதான் கன்டெய்னர். நான் அரை நாள் மல்லுக்கட்டும் வேலையை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் முடித்தார்.

மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் அவரிடம் பேசினார். தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் அந்த பிளாஸ்கின் மூடியைக்கூட நான் தொட்டதில்லை. ஸ்டெரிலைசர் ஆபரேட்டர் செல்லையா அண்ணன், என் போன் நம்பரைத் தூக்கத்திலும் சொல்பவர், “கோதைம்மா இல்லையா? சரி, பொறவு வாரேன்” என்று என் முகத்துக்கு எதிரேயே திரும்பிப் போனார். வீட்டில் புலம்பினால் என் வீட்டுக்காரி சொன்னாள்: “அந்தப் புள்ள பேரச் சொல்லாம உங்களுக்குச் சோறு எறங்காதோ?”

இத்தனைக்கும் கோதை என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. நெட்வொர்க்கில் மெஷின்களுக்கு விலாசமாக இருக்கும் ஐ.பி. நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்காமல் அப்படியே ஏற்றினார். “நீங்க சொன்னா அதுல என்னண்ணே பாக்க?” என்றார். அதுவும் எரிந்தது.

ஸ்டெரிலைசர் என்பது துணியில் கிருமி போக்கும் மெஷின். ஒவ்வொரு பேட்சுக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற பதிவு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவு இல்லாத பேட்ச் கழிவுத் துணிதான்; ஆபரேட்டர் கையால் குறிக்கும் நோட்டு மட்டும் ஆய்வில் செல்லாது. மெஷினுக்குள் கடைசி ஒரு வாரப் பதிவு மட்டுமே நிற்கும். அதைத் தொடர்ந்து இழுத்துச் சேமிக்கும் மென்பொருளைத்தான் கோதை கன்டெய்னருக்கு மாற்றியிருந்தார். மூன்று வாரம் நன்றாக ஓடியது.

போன வாரம், குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே உள்ளே நுழைந்து பார்த்தேன். கண்டும் பிடித்தேன். பதிவைப் பத்திரப்படுத்த, கன்டெய்னர் அழிந்தாலும் அழியாதபடி வெளியே ஒரு ஃபோல்டரை (இதை வால்யூம் என்பார்கள்) கன்டெய்னருக்குள் data என்ற இடத்தில் இணைத்திருந்தார். மென்பொருளோ batch என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த ஃபோல்டர் காலி. பதிவெல்லாம் கன்டெய்னரின் வயிற்றுக்குள். அதை நிறுத்தி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அழித்தால் எல்லாம் போகும்.

சொல்லவில்லை. மாட்டட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

திங்கட்கிழமை, லேபிள் அச்சடிக்கும் மென்பொருளையும் கோதை கன்டெய்னரில் ஏற்றினார். அடுத்த நிமிடம் சர்வருக்கு இரண்டு ஸ்டெரிலைசரும் தெரியவில்லை. என் லேப்டாப்பிலிருந்து தெரிகிறது, சர்வரிலிருந்து மட்டும் இல்லை. கேபிளை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். செல்லையா அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “மெஷினு நல்லாத்தான் பேசுது. ஒங்க கம்ப்யூட்டருக்குத்தான் காது அடச்சிருக்கு” என்றார். அந்த மனுஷன் சொன்னதுதான் அட்சர சுத்தமாகச் சரி.

எங்கள் குலசாமி பதினெட்டாம்படிக் கருப்பு. ஷெட்டுக்கு நெட்வொர்க் போட்டபோது சாமியை நினைத்து, மெஷின்களுக்கெல்லாம் 172.18 என்று தொடங்கும் நம்பர்களைக் கொடுத்தவன் நான். ஆபீஸுக்கும் சர்வருக்கும் வேறு நம்பர், நடுவில் இரண்டுக்கும் வழிகாட்டும் ரௌட்டர். கன்டெய்னர் எஞ்சின் புது நெட்வொர்க் கட்டும்போது தானாக ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு எடுத்தது 172.18. ஸ்டெரிலைசருக்குப் போக வேண்டியதையெல்லாம் சர்வர் ரௌட்டருக்கு அனுப்பாமல் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

பத்தாவது நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேனேஜர், “ஏலே முருகேசா, நீயும் செத்த பாரேன்” என்றபோது, “அவிய பெரிய படிப்புப் படிச்சவிய, எனக்கு என்ன சார் தெரியும்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வயிறு எரிஞ்சா மோரு குடில” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மதியம்தான் நான் முதலில் சொன்ன அந்த நேரம். வெள்ளிக்கிழமை, வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர்கள் வருகிறார்கள். மூன்று வாரச் சரக்கு குடோனில் நிற்கிறது. என்டர் தட்டினால், மெஷினில் நிற்கும் கடைசி வாரம் போக மிச்சம் அம்புட்டும் கழிவு. கோதையின் வேலையும் போகும். நான் ஆசைப்பட்டது அதுதானே? ஆனால் கோதையின் விரல் இறங்கப்போன அந்த நொடியில், செல்லையா அண்ணன் வெயில் போலச் சுடும் அந்த மெஷின் முன்னால் மூன்று வாரம் நின்றது கண் முன் வந்தது.

“நில்லு தாயி! கைய எடு!” டீ சட்டையில் கொட்டியது.

“என்னண்ணே?”

“வெளிய இருக்க ஃபோல்டரத் தொறந்து பாரு.”

திறந்தார். காலி. பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று சொன்னேன். அதே மூச்சில் பதினெட்டாம் நம்பரையும் சொன்னேன்.

“இந்த ஃபோல்டர எப்பண்ணே பாத்தீங்க?”

“போன வாரம்.”

“மெஷின் ஏன் தெரியலங்கிறது எப்பத் தெரியும்?”

“திங்கக்கெழமையே.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கீபோர்டை என் பக்கம் தள்ளினார். “நீங்களே எடுங்க.”

முதலில் கன்டெய்னருக்குள்ளிருந்து பதிவுகளை வெளியே நகல் எடுத்தேன். வால்யூமைச் சரியான இடத்தில் இணைத்தேன். எஞ்சின் எடுக்கும் நெட்வொர்க் எண்கள் ஷெட் பக்கமே வராதபடி அமைப்பை மாற்றி, லேபிள் நெட்வொர்க்கை அழித்துத் திரும்பக் கட்டினேன். இரண்டு ஸ்டெரிலைசரும் பதில் சொல்லின. விட்டுப்போன மூன்று நாள் பதிவும் மெஷினிலிருந்து இறங்கியது.

கன்டெய்னரில் எதை ஏற்றினாலும் முதல் நாளே ஒரு சோதனைப் பதிவை எழுதி, கன்டெய்னரை அழித்து, பதிவு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். எஞ்சினைத் தொடுமுன் உங்கள் இடத்தில் ஓடும் ஐ.பி. நம்பர்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். இன்னொன்று: அடுத்தவர் தப்பைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் தப்பு.

“எல்லாம் வந்துருச்சு தாயி. நான் எண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணு கொறையல” என்றேன்.

கோதை தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பேட்சின் பதிவைத் திறந்து, மெஷினுக்குப் பக்கத்தில் செல்லையா அண்ணன் கையால் குறித்து வைக்கும் நோட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க ஆரம்பித்தார்.