மோகன்ராஜ் எழுந்து போன ஞாயிறுகள்

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து. அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டே வரலாம் என்று ஆயர் அழைப்பார். அழைத்துவிட்டு, பாத்திரத்தின் மேல் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துணியை எடுப்பார். சரியாக அந்த நேரத்தில் மோகன்ராஜ் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விடுவான். ஜெயிலில் இருந்து வந்த இரண்டரை வருடமாக இதுதான் நடக்கிறது. பல்லடத்துக்குத் தெற்கே அறுபது குடும்பம் உள்ள சின்னச் சபை அது. ஒருவர் தும்மினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற இடத்தில், எழுந்து போகிறவன் யார் கண்ணுக்குத் தப்புவான்?

பார்த்தவர்கள் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அவன் கொன்ற பிரபாகருடைய மனைவி நிர்மலா அதே கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்; சமாதானம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனசாட்சி குத்துகிறது, எழுந்து போகிறான் என்றார்கள் சிலர். மனசாட்சியாவது ஒன்றாவது, திமிர் என்றார்கள் வேறு சிலர். ஒருவராவது அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவனைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு நேரம் இருக்கும், அவனோடு பேசுவதற்குத்தான் இருக்காது.

மோகன்ராஜ் பயந்தது அந்தப் பாத்திரத்துக்குள் இருந்த திராட்சரசத்துக்கு. அது புளித்த ரசம். அதன் வாசனை மூக்கில் ஏறுவதற்குள் அவன் வெளியே போயாக வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவனும் பிரபாகரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தார்கள். இவன் அயர்னிங் மாஸ்டர், அவன் கட்டிங். ஒரே தெரு, ஒரே கோயில். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் இருவரும் சேர்ந்தே குடிக்கப் போவார்கள். பிரபாகருக்குக் கொஞ்சத்தோடு நிறுத்தத் தெரியும். மோகன்ராஜுக்கு நிறுத்தவே தெரியாது. அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மோகன்ராஜ் நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு பைக்கில் ஏறினான். பிரபாகர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "இந்த நெலமைல வண்டி ஓட்டாதீங்ணா, நான் கொண்டாந்து உடறேன்" என்றான். பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் அகப்பட்ட ஹாலோ பிளாக் கல் துண்டை எடுத்து மோகன்ராஜ் அவன் தலையில் ஒரே அடி அடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பிரபாகர் போய்விட்டான். நண்பன் சாகக் கூடாது என்று சாவியைப் பிடுங்கியவன் செத்துப்போனான்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் கண் விழித்த மோகன்ராஜ் முதலில் கேட்டது, "பிரபாகர் எங்கீங்க?" என்று. அதற்குப் போலீஸ்காரர் சொன்ன பதிலை அவன் இன்றுவரை யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

ஏழு வருடத் தண்டனை. முதல் வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே கழிந்தது. அதற்குப் பிறகுதான் அருள்செல்வன் சார் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமைதோறும் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரோடு உள்ளே வந்து வேதபாட வகுப்பு எடுப்பார். பாடத்தின் முடிவில் கேள்விகள் இருக்கும், பதிலைக் கைப்பட எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன மோகன்ராஜ் எழுத்துக் கூட்டி எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? வேதபாடத்துக்கும் அரை மார்க், கால் மார்க் என்று பிடித்துப் பிடித்துத்தான் போடுவார். பாவம் என்றால் என்ன என்ற கேள்விக்கு மோகன்ராஜ் ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருந்தான்: பிரபாகர். அந்தத் தாளுக்கு மட்டும் சார் மார்க் போடவில்லை.

வகுப்பு முடிந்ததும் குடியை விட நினைப்பவர்களுக்குத் தனிக் கூட்டம் நடக்கும். அதில் ஒரே ஒரு சட்டம்தான். "ஒரு சொட்டும் வேண்டாம்" என்பார் சார். "மருந்துன்னு சொல்லியும் வேண்டாம், மரியாதைக்குன்னு சொல்லியும் வேண்டாம். மொதச் சொட்டுக்குத்தான் காரணம் தேடுவீங்க. ரெண்டாவதுக்கு அதுகூடத் தேவைப்படாது."

வெளியே மோகன்ராஜின் மனைவி வினிதாவையும் சாருடைய ஆட்கள் கைவிடவில்லை. மாதம் ஒருமுறை அவளையும் மகள் கீர்த்தனாவையும் ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்க அழைத்துப் போனார்கள். வினிதாவுக்கு ஓவர்லாக் தையல் மெஷின் பழக்கிவிட்டார்கள். கொலைகாரன் பிள்ளை என்று பள்ளியில் யாரோ சொன்னதற்காகக் கீர்த்தனா பையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, சாருடைய மனைவி பதினொரு நாள் வந்து பேசி அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். மோகன்ராஜ் போகும்போது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. இப்போது பதினைந்து.

விடுதலையான வாரம் அருள்செல்வன் சார் நிர்மலாவைப் போய்ப் பார்த்தார். மோகன்ராஜ் வந்து மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கோயலுக்கு வரட்டுங்க. அது என்ற ஊடு இல்லீங்க. என்ற ஊட்டுக்கு வேண்டாமுங்க."

அவன் கோயிலுக்கு வந்தான். வந்த முதல் மாதம் எல்லோரையும் போலப் பீடத்தைச் சுற்றிய கிராதிக்கு முன்னால் முழங்காற்படியிட்டான். அப்பத்தை வாங்கினான். பாத்திரம் முகத்துக்குக் கிட்டே வந்ததும் அந்த வாசனை வயிற்றுக்குள் இறங்கிப் போய் எதையோ எழுப்பிவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை, ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவனுக்கு வாய் உலர்ந்தே கிடந்தது. சனிக்கிழமை கம்பெனி விட்டதும் கால் தானாக நடந்து மதுக்கடைக்கு எதிரே போய் நின்றது. அரைமணி நேரம் நின்றிருக்கிறான். சாருக்குப் போன் போட்டான்; அவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அடுத்த மாதத்திலிருந்து அவன் துணி விலகும்போதே வெளியே போய்விடுவது என்று வைத்துக்கொண்டான்.

அந்த ரசத்தைச் செய்வது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிர்மலாதான். பன்னீர் திராட்சையைக் கழுவித் துடைத்து, சர்க்கரை போட்டு, பீங்கான் ஜாடியில் வாய் கட்டி வைத்து, தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கிளறுவாள். மாமியார் செய்துவந்த வேலை, கல்யாணமான வருடத்திலிருந்து அவளுடையது. புருஷன் செத்த மாதமும் ஜாடியைக் கிளறினாள். சோறு பொங்கக் கை வராத அந்த நாட்களில் அந்த ஒரு வேலைக்காகத்தான் படுக்கையை விட்டு எழுந்தாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் இந்த வருடம் கீர்த்தனாவுக்குத் திடப்படுத்தல் வந்தது. பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்கே அந்தப் பிள்ளைகள் முதல்முறையாகத் திருவிருந்து எடுப்பார்கள், அப்பா அம்மாவுக்கு நடுவில் முழங்காற்படியிட்டு. சபையின் வழக்கம் அது.

"அப்பா, அன்னைக்கு ஒரு நாளாச்சும் வெளிய போகாம இருப்பீங்களா?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"பாக்கலாம் கண்ணு" என்றான் அவன். வினிதா அவனைப் பார்த்தாள். வீட்டில் காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளையின் பக்கம் பேசுவதா, புருஷனின் பக்கம் பேசுவதா என்று தெரியாமல் அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பிள்ளை கேட்டபடி உள்ளே இருந்தால் குடி திரும்பிவிடுமோ என்று மோகன்ராஜுக்குப் பயம். குடிக்குப் பயந்தால் பிள்ளை சபைக்கு முன்னால் அப்பா இல்லாமல் நிற்பாள். அந்த மாதம் முழுவதும் அயர்ன்பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் இதையேதான் யோசித்தான். இரண்டு டீ-ஷர்ட் கருகிப்போயின.

திடப்படுத்தலுக்கு முந்தின மாதத்துத் திருவிருந்தில், வழக்கம்போல எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்றவனுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினான். நிர்மலா.

அவளுக்குச் செக்கிங் வேலை. பதினேழு வருடமாகத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சின்ன ஓட்டை, விட்டுப்போன தையல் என்று கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டிருந்தது.

"ஏனுங்க, சமாதானம்னு சொல்றது பொறுக்காமப் போறதுன்னா அப்பவே எந்திரிச்சுப் போகோணும். நீங்க துணிய எடுக்கறப்பத்தான் எந்திரிக்கறீங்க" என்றாள். "என்ற கையில செஞ்சதுன்னுதான? வெசத்தக் கலந்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

இரண்டரை வருடமாக அவள் இதை நினைத்துக்கொண்டா அந்த ஜாடியைக் கிளறினாள்!

"ஐயோ, இல்லீங்க. சத்தியமா இல்லீங்க" என்றான் மோகன்ராஜ். "அந்த வாசனைங்க. அது பட்டா எனக்கு நிக்காதுங்க. மொத மாசமே கடைக்கு எதுக்கால போய் நின்னுட்டேனுங்க."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "ஜெயில்ல திருவிருந்து இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்துதுங்க. உள்ளுக்கு இதெல்லாம் உடமாட்டாங்க. ஒலர்ந்த திராட்சைய ஊற வெச்சுப் புழிஞ்சு குடுப்பாங்க. மாசாமாசம் வாங்குனேனுங்க."

"ஜெயில்ல வாங்குனீங்க. நம்ம கோயல்ல வாங்க முடியலீங்க."

"ஆமாங்க."

"ஆயருகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனுங்க. நிர்மலாகிட்டச் சொல்லி மாத்தறேன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஜாடி ஒண்ணுதானுங்க உங்களுக்குன்னு இருக்குது. அதையும் நான் எடுத்துக்கறதுங்களா?"

உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. நிர்மலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு அவரு சாவியப் புடுங்காம இருந்திருந்தா நீங்கதான் செத்திருப்பீங்க."

"ஆமாங்க" என்றான் மோகன்ராஜ். "தெனமும் நெனைக்கறனுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள்.

திடப்படுத்தல் ஞாயிறு. கோயில் முழுக்க வெள்ளை உடுப்புப் பிள்ளைகளும் மல்லிகைப்பூவும் பேராயரைப் பார்க்க வந்த கூட்டமுமாக இருந்தது. மோகன்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிப்பது என்ற முடிவோடு வந்திருந்தான். முடியாமல் போனால் கையைப் பிடித்துக் கூட்டிப் போக அருள்செல்வன் சாரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தான், அவ்வளவுதான் அவனால் முடிந்த ஏற்பாடு. உள்ளே நுழையப் போகும்போது நிர்மலா பக்கவாட்டுக் கதவருகில் அவனை நிறுத்தினாள்.

"ஜாடில இருந்ததக் கொட்டீட்டேனுங்க. ஒலர்ந்த திராட்சையத்தான் ஊற வெச்சுக் கொண்டாந்திருக்கறன். இனி எல்லா மாசமும் இதுதானுங்க. ஆயருகிட்டச் சொல்லீட்டேன்."

அவன் கும்பிடக் கையெடுத்தான்.

"உங்களுக்காவன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் அவள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "நீங்க மறுக்காக் குடிச்சா இன்னொருத்தி என்னையாட்டம் நிப்பா. அதுக்குத்தானுங்க."

பேராயர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து முடித்தார். ஆயர் அழைத்தார், துணியை எடுத்தார். எழுந்து போகும் ஆளைப் பார்க்கப் பழகிப்போன தலைகள் தாமாகவே பக்கவாட்டுக் கதவுப் பக்கம் திரும்பின. கதவருகில் யாரும் இல்லை. மோகன்ராஜ் மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய்க் கிராதியில் முழங்காற்படியிட்டான். கீர்த்தனா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வலது பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் அங்கே வரத் தயங்கினார்கள். நிர்மலா பெண்கள் வரிசையை விட்டு வந்து அந்த இடத்தில் முழங்காற்படியிட்டாள்.

ஆயர் பாத்திரத்தோடு வந்தார். வினிதா குடித்தாள், கீர்த்தனா குடித்தாள், மோகன்ராஜ் குடித்தான். ஒவ்வொருவரும் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஆயர் அடுத்தவருக்குக் கொடுப்பார். மோகன்ராஜ் குடித்த பிறகும் துணியை எடுத்தார். அவர் துடைப்பதற்குள் நிர்மலா கையை நீட்டிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, அவனைத் திரும்பியும் பார்க்காமல் எழுந்து தன் வரிசைக்குப் போனாள்.

அடுத்த வரிசை காத்துக்கொண்டு நின்றது. மகள் அவன் தோளைத் தொட்டு, "எந்திரிங்கப்பா" என்றாள். மோகன்ராஜ் கிராதியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க அழுதுகொண்டிருந்தான்.