உடற்பயிற்சி வகுப்புக்கு முப்பது நிமிட இசை

ஸ்ரீரங்கத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கப்போவதாக என் மனைவி சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மியூசிக் யாரு போடுறா?" என்பதுதான். இடம் கிடைத்ததா, எத்தனை பேர் வருகிறார்கள் என்று நல்ல கணவன் கேட்டிருப்பான். நான் பகலில் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் என்றாலும் மனதுக்குள் இசையமைப்பாளன். ஒரு லேப்டாப், சின்ன கீபோர்டு, மேசையில் இரண்டு ஸ்பீக்கர். இவற்றை வைத்துப் பத்து வருடமாக சிந்தசைசர் இசை செய்து வருகிறேன். அதில் ஒன்றைக்கூட அவள் முழுதாகக் கேட்டதில்லை. ஒரு நிமிடம் நிற்பாள், "நல்லாருக்குங்க" என்பாள், குக்கர் விசில் அடிக்கிறது என்று போய்விடுவாள். உப்பில்லாத ரசத்துக்கு நான் சொல்லும் 'நல்லாருக்கு' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதே ரகம்தான் இதுவும்.

"பாட்டு போட முடியாதுங்க. வகுப்பை வீடியோ எடுத்துப் போடப்போறேன், சினிமாப் பாட்டு இருந்தா உரிமை இல்லைன்னு வீடியோவையே தூக்கிடுவாங்க. நெட்ல மியூசிக் மட்டும் ஏதாவது எடுத்துக்கிறேன்" என்றாள்.

"நெட் எதுக்கு? வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"புரொஃபஷனலா இருக்கணும். கல்யாண ரிசப்ஷன்ல கீபோர்டு வாசிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. இது என் முதல் வகுப்பு."

இந்த ஒரு வார்த்தை போதாதா? மே மாத விடுமுறை. ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்து மூன்று வாரம் உழைத்தேன். வயலின் மாதிரி ஒலிகள் ஆறு அடுக்கு, அதற்கு மேல் மணியோசை, அதற்கு மேல் பெண்கள் கூட்டமாக 'ஆ' என்பது மாதிரி ஒன்று, எல்லாவற்றுக்கும் எதிரொலி. டிரம்ஸில் அந்த 'ச்சிக் ச்சிக்' சரியாக எடுபடவில்லை என்று தோன்றியது. கூட்டினேன். மறுநாளும் எடுபடவில்லை. இன்னும் கூட்டினேன். முடிக்கும்போது உலகத் தரம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

முதல் வகுப்பு சனிக்கிழமை காலை, ஒரு மாடி ஹாலில். ஏசி போட்டு, ஜன்னல் எல்லாம் சாத்தி, சத்தமே இல்லாத இடம். பதினான்கு மாமிகள் புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறி, வெட்கத்தோடு வரிசையில் நின்றார்கள். நான் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டாவது நிமிடத்தில் பதினான்கு பேரும் கையைத் தூக்கினார்கள். பயிற்சிக்கு அல்ல, காதைப் பொத்திக்கொள்ள.

"காதுல ஊசி குத்தறாப்ல இருக்கே!" என்றார் முன்வரிசை மாமி. பின்னால் ஒருவர், "என் மாட்டுப்பொண் போன்ல அலாரம் இப்படித்தான் அடிக்கும்" என்றார். இன்னொருவர் பல் டாக்டரிடம் போன கதையை ஆரம்பித்துவிட்டார். மனைவி என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினாள். நிறுத்தினேன். மீதி நேரம் முழுக்க அவள் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று தன் தொண்டையாலேயே வகுப்பை நடத்தினாள். வீட்டுக்கு வந்தபோது குரல் போயிருந்தது.

அவள் திட்டியிருக்கலாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, "அடுத்த வாரத்துக்கு நெட்ல எடுத்துக்கிறேங்க" என்று காற்றாகச் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் கஷ்டப்பட்டுத் தொடங்கியதை நான் கெடுத்துவிட்டேனே என்ற உறுத்தல் பெரிது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றாள்.

மன்னார்புரத்தில் பக்திப் பாடல்களும் கடை விளம்பரங்களும் ஒலிப்பதிவு செய்யும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. நடத்துகிறவர் என் வயதுப் பெண்மணி. என் இசையை ஒரு நிமிடம் கேட்டார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போல என்னைப் பார்த்து, "சார், இதைப் பண்ணும்போது வீட்ல ஃபேன் ஓடிச்சா?" என்றார்.

"ஓடாம? திருச்சியில மே மாசம்!"

"அதான். ஃபேன் இரைச்சல் இந்த 'ச்சிக் ச்சிக்' மாதிரி மேல்சத்தத்தை மூடிடும். உங்களுக்குக் கேக்கலைன்னு நீங்க கூட்டிக்கிட்டே போயிருக்கீங்க. நம்ம ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் கொண்டு வராங்க."

பத்து வருடம். இத்தனை இசையையும் நான் ஃபேனோடு சேர்ந்தே செய்திருக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. என் ஒலிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டினார். "இது இல்லைன்னா என்ன குறையுது, சொல்லுங்க." ஒன்றும் குறையவில்லை. அடுத்தது. அதுவும் குறையவில்லை. நான் பெற்று வளர்த்த ஆறு அடுக்கு வயலினும் போனது. கடைசியில் நாலே ஒலிகள் மிஞ்சியபோது, முதல் முறையாக அந்த இசைக்கு மூச்சு வந்தது. டிரம் விழும் நொடியில் பேஸ் என்கிற அடிக்குரல் ஒலி கொஞ்சம் தணிந்து வழிவிட வேண்டும், ஒரே ஒலி அப்படியே நிற்காமல் மெல்ல மெல்ல நிறம் மாற வேண்டும், நல்ல இசை ஒன்றை அதே சத்த அளவில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்றார். பரீட்சைக்கு முதல் நாள் மாணவன் போல எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரம் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்தேன். கழுத்தில் துண்டு, காலடியில் தண்ணீர்ப் பாட்டில். வியாழக்கிழமை மத்தியானம் மனைவி உள்ளே வந்து, "பைத்தியமா உங்களுக்கு? இப்படி வேகுறீங்களே" என்றாள். காரணத்தைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எனக்கு விசிற ஆரம்பித்தாள்.

முப்பது நிமிடமும் கேட்டாள். எழுந்து போகவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் விசிறுவதை நிறுத்தி, "இங்க குனிஞ்சு நிமிரணும். மூச்சு வாங்க எட்டு எண்ணிக்கை குடுங்க" என்றாள். கொடுத்தேன். "இங்க வேகம் வேணாம், முட்டி வலிக்காரங்க இருக்காங்க." குறைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் நனைந்துபோயிருந்தோம்.

சனிக்கிழமை. யாரும் காதைப் பொத்தவில்லை. பதினான்கு பேரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், எட்டு எண்ணிக்கை மூச்சு வாங்கினார்கள். இசை என்று ஒன்று ஓடுவதையே மறந்துவிட்டார்கள். முடிந்ததும் முன்வரிசை மாமி என் மனைவியிடம், "இன்னிக்கு மியூசிக் ரொம்ப நன்னாயிருக்கே! எங்கேர்ந்து எடுத்தேள்?" என்றார்.

நான் வாசலருகே ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"நெட்லதான் மாமி" என்றாள் என் மனைவி.

அவளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை முறுக்கினேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அம்மா மண்டபம் ரோடு திரும்பியதும் தாங்க முடியாமல், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க பண்ணதுன்னு தெரிஞ்சா உடனே காப்பி கேப்பாங்க. அவங்க தங்கச்சிக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணுன்னு ஊரெல்லாம் போயிடும்."

"போனா என்ன?"

"அது எனக்குப் பண்ணதுங்க" என்றாள். பின்னாலிருந்தே, "அடுத்த மாசம் நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆக்கலாம்னு இருக்கேன். முடியுமா உங்களால?" என்றாள்.

பத்து வருடத்தில் என்னிடம் யாரும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதில்லை. முடியும் என்றேன்.